கருநாரையின் பச்சைத் துண்டு

விளக்குகள் அணைந்து, புகையிலை மனித உடம்பை என்னவெல்லாம் செய்யும் என்று திரை பயமுறுத்திக்கொண்டிருந்த நேரத்தில், சிவசைலம் மடியில் கிடந்த வலதுகையின் கட்டைவிரலை மற்ற விரல்களின் மேல் ஓட்டிக்கொண்டிருந்தார், கரு, நா, ரை, அசை மூன்று, அந்தப் பக்கம் நைட், ஹெ, ரான், வெள்ளைக்காரன் வாயும் மூன்றுமுறைதான் திறக்கும், ஆகவே வாயசைவு பொருந்தவில்லை என்று டப்பிங் எழுதியவன் சாக்குச் சொல்ல முடியாது, சொன்னால் அவனுக்கு யாப்பும் தெரியாது, வாயும் தெரியாது, புளிமாங்காய் வாய்பாட்டில் சம்மணம் போட்டு உட்காரும் பெயர் அது, யோசித்து வைத்த பெயர். நைட் ஹெரான் என்ற வெளிநாட்டுப் படக்கதை வீரனுக்குத் தமிழில் அதை வைத்தவர் அவர். கோவில்பட்டியிலிருந்து மாதம் ஒன்றாக வந்துகொண்டிருந்த சேவல் காமிக்ஸ் என்ற படக்கதைப் புத்தகத்துக்கு மொழிபெயர்ப்பாளர், ஆசிரியர், மெய்ப்புத் திருத்துகிறவர், கடைசிப் பக்கத்தில் வாசகர் கடிதங்களுக்குப் பதில் எழுதும் சேவல் மாமா, எல்லாம் ஒரே ஆள்தான், அந்த ஆள் இப்போது அதே கோவில்பட்டியில் ஒரு தியேட்டரின் மேட்னிக் காட்சியில், பக்கத்தில் மனைவி ஆவுடையம்மாளோடு, இந்தப் படத்தில் அவனை என்ன சொல்லிக் கூப்பிடப்போகிறார்கள் என்று கேட்பதற்காக மட்டும் வந்து உட்கார்ந்திருக்கிறார். மற்றதெல்லாம், வில்லன், வெடி, உலகம் அழியப்போவது, அழியாமல் போவது, அவருக்கு முன்பே தெரியும். போஸ்டரில் ஆங்கிலப் பெயரைத் தமிழ் எழுத்தில் போட்டிருந்தான், நைட் ஹெரான் என்று, சரி, போஸ்டர் வேறு, போஸ்டர் வியாபாரம், ஆனால் படத்துக்குள் ஒரு மனிதன் ஆபத்தில் இன்னொரு மனிதனைக் கூப்பிடும்போது எந்தப் பெயர் வாயில் வருகிறதோ அதுதானே பெயர். டிரெய்லரில் யாரும் யாரையும் கூப்பிடவில்லை. டிரெய்லரில் கட்டடம்தான் விழுந்தது.

ஊர் முழுக்க அவன்தான் இப்போது. ஒரு மாதத்தில் இப்படி ஆகுமென்று யாராவது சொல்லியிருந்தால் சிவசைலம் அதற்கு ஆதாரம் கேட்டிருப்பார். இட்லிமாவு விற்கும் பெண்ணின் செல்போன் உறையில் அவன், தண்ணீர்ப் பாட்டிலில் அவன், மார்க்கெட் ரோட்டில் ஒரு காதுகுத்து விழா ஃப்ளெக்ஸில் தாய்மாமன்மார் வரிசையாக வேட்டியில் கைகூப்பி நிற்க, காது குத்திக்கொள்ளப்போகும் குழந்தைக்கு அவனுடைய முகமூடி, காது மட்டும் வெளியே தெரிகிற மாதிரி யாரோ கவனமாக வெட்டி ஒட்டியிருந்தார்கள். பலசரக்குக் கடைக்காரர் ஒருவர், அந்தக் காலத்தில் சேவல் காமிக்ஸை க்ளிப் மாட்டித் தொங்கவிடச் சொன்னால் கடைக்கு லட்சணமாக இருக்காது என்று பேனாவுக்கும் ரப்பருக்கும் அடியில் செருகிவைத்தவர், போன வாரம் இவரை நிறுத்தி, அண்ணாச்சி படம் பாத்தாச்சா, நைட் ஹெரான், நம்ம பேரன் ராத்திரி தூக்கத்துல கூட அவம் பேருதான் சொல்லுதான் என்றார். சிவசைலம் இன்னும் பார்க்கவில்லை என்றார். உள்ளுக்குள் ஒரு குரல், அவரை எனக்கு அறிமுகம் செய்துவைக்கிறீரா வேய், என்றது, ஆனால் அந்தக் குரலுக்கு அடியிலேயே இன்னொன்று கிடந்து குதித்தது, அதை அவர் ஒத்துக்கொள்ள இரண்டு தெரு நடக்கவேண்டியிருந்தது, அது பெருமை. பையன் பெரிய உத்தியோகத்துக்குப் போய்விட்டான் என்று ஊரார் வந்து சொல்லும்போது வருமே, அது. ஆனால் பையன் போன இடத்தில் வேறு பெயர் வைத்துக்கொண்டிருந்தால் என்ன செய்வது, அப்பன் வைத்த பெயர் எந்த வாயிலும் இல்லையென்றால் அவனை யார் பையன் என்று சொல்வது. பதினோரு வருஷம் அவர் மாங்கு மாங்கென்று எழுதி ஒரு சின்னக் கூட்டத்துக்கு, அதுவும் பாடப்புத்தகத்துக்குள் ஒளித்துப் படிக்கிற கூட்டத்துக்கு அறிமுகப்படுத்தியவனை, சினிமா ஒரே வெள்ளிக்கிழமையில் எல்லா வீட்டுக்குள்ளும் கொண்டுபோய் உட்காரவைத்துவிட்டது. அச்சு என்பது ஒவ்வொரு கதவாகத் தட்டும். சினிமா தட்டுவதில்லை.

படம் ஆரம்பித்து வெகுநேரம் அவன் வரவில்லை. வேறு யாரோ வேறு எதையோ ஒரு குளிர்ப்பிரதேசத்தில் தோண்டி எடுத்தார்கள், அது நீலமாக ஒளிர்ந்தது, இதெல்லாம் மூலத்தில் கிடையாது. இடதுபக்கம் ஆவுடை சேலைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள், ஏசி அவளுக்கு ஆகாது. வலதுபக்கம் ஒரு கல்லூரிப் பெண், மடியில் பாப்கார்ன் வாளி, கூட்டாளியிடம் பேசுகிற சத்தத்திலிருந்து பெயர் ஷைனி என்று தெரிந்தது, வயசான இருவரைப் பார்த்து இரக்கப்பட்டோ என்னவோ அவர் பக்கம் சாய்ந்து, "தாத்தா, இவங்க யாரும் ஹீரோ இல்ல, குழம்பிராதிய. ஹீரோ இப்பம் வருவாரு" என்றாள். அவர் நன்றி சொன்னார். "இது காமிக்ஸ்ல இருந்து எடுத்தது தாத்தா. காமிக்ஸ்னா படமா இருக்கும், பக்கத்துல பலூன் மாதிரி போட்டு அதுக்குள்ள பேசுவாங்க." அப்படியா, என்றார் சிவசைலம், அந்தப் பலூன்களுக்குள் தமிழை அடைப்பதற்காகப் பதினோரு வருஷம் வினையெச்சங்களை வெட்டி வெட்டி வீசியவர், முகத்தில் ஒன்றும் காட்டாமல். "ஹெரான்னா என்னம்மா?" அவள் கொஞ்சம் யோசித்தாள். "அது அவரு பவரோட பேரு தாத்தா." "கொக்கு" என்றார் அவர். "கொக்கா?" "கொக்குன்னு சொன்னாலும் முழுசாச் சரியில்ல. இது ராத்திரி இரை தேடுறது. வக்கா." ஷைனி வாயைப் பொத்திக்கொண்டு கூட்டாளி பக்கம் திரும்பினாள். "ஏட்டி, ஹெரான்னா வக்காவாம். எங்க ஊரு கண்மாயில கழுத்த உள்ள இழுத்துக்கிட்டு நிக்கும்லா, அது." இரண்டு பேரும் குலுங்கினார்கள். சிரிக்கட்டும். சிரிப்பு வந்ததனால்தானே அவரும் வக்கா என்று வைக்கவில்லை.

அதுதான் மூன்று வாரம் அவரைத் தூங்கவிடாமல் செய்த விஷயம். இராக்கொக்கு என்று வைத்தால் எவனும் பயப்படமாட்டான், வக்கா சரியான பெயர், ஆனால் வக்கா வருகிறான், தப்பி ஓடு என்று ஒரு கொள்ளைக்காரன் சொன்னால் அந்தக் கொள்ளைக்காரன்மேல் நமக்குத் தயவு பிறந்துவிடும். நாரைக்கு ஒரு கம்பீரம் உண்டு, கழுத்து உண்டு, இலக்கியத்தில் இடம் உண்டு. பறவை சாஸ்திரப்படி தவறு, இலக்கியப்படி சரி, இந்த மாதிரி இடத்தில் சாஸ்திரத்தை ஒரு படி கீழே உட்காரச் சொல்வதுதான் மரியாதை. கரு என்ற அடையை அவர் சேர்த்தது இரவுக்காக. அதற்காகத்தான் நூலகத்துக்குப் போய்ப் பறவைப் புத்தகத்தைப் புரட்டினார், புரட்டியபோது இன்னொன்று கிடைத்தது, வளர்ந்த வக்காவின் முதுகு கறுப்பு, வெயில் பட்டால் அந்தக் கறுப்பில் பச்சை மினுங்கும். வெளிநாட்டிலிருந்து அவர்களுக்கு வந்த தாள்களெல்லாம் கறுப்பு வெள்ளை, அவன் தோளிலிருந்து தொங்கும் மேலங்கி என்ன நிறம் என்று எதிலும் எழுதியிருக்கவில்லை, கேட்டு எழுதிப் பதில் வருவதற்குள் தீபாவளி மலர் போய்விடும். பச்சை என்றார் சிவசைலம். அட்டை வரைந்தவர் சாமி காலண்டர் போடுகிறவர், அவர் மறுபேச்சில்லாமல் கிளிப்பச்சையைத் தீட்டி, பழக்கதோஷத்தில் முகத்துக்கு முருகனுடைய சிரிப்பையும் கொடுத்துவிட்டார், கையில் வேல் இல்லாதது ஒன்றுதான் குறை. பல மாதங்கள் கழித்துக் காரைக்குடியிலிருந்து ஒரு வாசகர், சிங்கப்பூர் போய்வந்த மாமன் கொண்டுவந்த மூலப் புத்தகத்தின் அட்டையைக் கிழித்தே அனுப்பியிருந்தார், அதில் மேலங்கி ரத்தச் சிவப்பு. சேவல் மாமா அடுத்த இதழில் பதில் எழுதினார், அன்புத் தம்பி, மூல ஓவியர் தம் வாழ்நாளில் வக்காவைப் பார்த்ததில்லை என்று இதிலிருந்து தெரிகிறது, நாம் பார்த்திருக்கிறோம், எனவே பச்சை. இன்றைக்கு எழுதச் சொன்னாலும் ஒரு எழுத்தை மாற்றமாட்டார்.

திடீரென்று தியேட்டர் விசிலில் கிழிந்தது. வந்துவிட்டான். ஒரு மின்னல், ஒரு கூரை முகடு, ஒற்றைக்காலில் ஒரு உருவம், ஆமாம் ஒற்றைக்கால், அதை விட்டுவிடாமல் வைத்திருக்கிறார்கள், நல்ல பிள்ளைகள், இவ்வளவு பெரிசா நீ, உள்ளங்கை அகலக் கட்டத்துக்குள் முழங்காலை மடக்கிக்கொண்டு கிடந்தவன், உன் உயரம் இவ்வளவா என்று எனக்கே தெரியாதே. முன்வரிசையில் யாரோ காகிதத்தைக் கிழித்து வீசினார்கள். மேலங்கி விரிந்தது, பத்து ஆள் அகலத்துக்குச் சிவப்பு. தெரிந்ததுதான். தெரிந்ததுதான் என்று சொல்லிக்கொண்டாலும் கடைவாயில் ஏதோ கசந்தது. சரி, நிறத்தை எடுத்துக்கொள்ளுங்கள், நிறம் உங்களுடையது, நீங்கள் பெற்றவர்கள், ஆனால் பெயர். திரையில் ஒரு போலீஸ் அதிகாரி, பெண், துப்பாக்கியைத் தாழ்த்தி அண்ணாந்து பார்த்தாள். இதோ. அவர் கட்டைவிரல் தானாக முதல் விரலுக்குப் போயிற்று. அவள் வாய் திறந்தது. நைட் ஹெரான், என்றாள், சுத்தமான சென்னைக் குரலில். கட்டைவிரல் அங்கேயே நின்றது.

அவ்வளவுதானா. இல்லை, அவள் போலீஸ், சர்க்கார் உத்தியோகத்தில் இருப்பவள், ஆங்கிலத்தில்தான் சொல்வாள், ஜனங்கள் வேறு மாதிரி கூப்பிடலாம், ஒரு கிழவி கூப்பிடலாம், வில்லன் ஆத்திரத்தில் கூப்பிடலாம், ஆத்திரத்தில் எவனும் தாய்மொழிக்குத்தானே போவான். வில்லன் போகவில்லை. நைட் ஹெரான், உன்னை விடமாட்டேன், என்றான், வகரத்தை மட்டும் அழுத்தி. ஒவ்வொரு தடவையும் சிவசைலத்துக்கு உடம்பில் எங்கோ ஒரு விளக்கை யாரோ அணைத்துக்கொண்டே போகிற மாதிரி இருந்தது. டப்பிங் எழுதியவனுக்கு முப்பது வயது இருக்கலாம், அவன் சேவல் காமிக்ஸைப் பார்த்தே இருக்கமாட்டான், பார்த்தவர்கள் தலைமறைவாகப் படித்து, தலைமறைவாகவே பழைய பேப்பர்க்காரனுக்குப் போட்டுவிட்டார்கள். அப்படியானால் கருநாரை எங்கே இருக்கிறான். ஷைனிக்குத் தெரியாது. பலசரக்குக்காரரின் பேரன் தூக்கத்தில் சொல்வது அதை அல்ல. உலகத்தில் அந்தப் பெயர் இப்போது இருக்கும் ஒரே இடம் தன் மண்டைதான், அதற்கும் ரத்தக்கொதிப்பு இருக்கிறது. இவனை உலகமே தெரிந்துகொண்ட அதே நாளில் கருநாரை செத்துப்போகிறான், ஒரு இரங்கல் குறிப்புக் கூடக் கிடையாது, எழுதுவதானால் அதையும் நான்தான் எழுதவேண்டும்.

இடைவேளை வெளிச்சத்தில் கண் கூசியது. ஷைனியும் கூட்டாளியும் பப்ஸ் வாங்க எழுந்து போனார்கள். ஆவுடை கைப்பையிலிருந்து முறுக்குப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்து நீட்டினாள். "எப்படி இருக்கு படம்?" என்று கேட்டார், கேட்டிருக்கவேண்டாம். "குளிருது" என்றாள். பிறகு ஒரு முறுக்கை ஒடித்துக்கொண்டே, "இவன் எப்பமும் போல ஒண்ணும் திங்கவே மாட்டேங்கான்" என்றாள். எந்த நடிகனை எந்த நடிகனோடு குழப்பிக்கொண்டு பேசுகிறாளோ. அவர் விளக்கப்போகவில்லை. இது இன்று நேற்றுப் பிரச்சினையா. கல்யாணமான புதிதில் அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கத் துணை ஆள் போடமாட்டார்கள், அச்சடித்த தாளை ஒருவர் பார்க்க, கையெழுத்துப் பிரதியை இன்னொருவர் உரக்கப் படிக்கவேண்டும், நிறுத்தக்குறி உட்பட, ஒன்று விட்டால் அச்சில் விட்டுப்போகும், அந்த இன்னொருவராகச் சாயங்காலங்களில் ஆவுடை அமைந்தாள். அடுப்பில் உலை, கையில் பிரதி, ஒரு கண் பானையில். ஐயோ கமா என் துப்பாக்கி எங்கே கேள்விக்குறி. அணை உடையப்போகிறது ஆச்சரியக்குறி ஆச்சரியக்குறி. வெடிகுண்டுக்கும் விடைபெறுதலுக்கும் ஒரே குரல், கரண்ட் பில்லைப் படிக்கிற குரல். மூல ஆசிரியன் வெறும் பறவைச் சத்தம் போட்டு விட்டிருந்த ஒரு பலூனில், கல்லுக்கடியில் கிடக்கும் நாயகனைப் பார்த்து ஜனங்கள் கத்துவதாக அவர் சொந்தமாக ஒரு வரி எழுதினார், எழுந்திரு, கருநாரையே! அந்த வரிக்காகத் திருச்சியிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் கடிதம் வந்தது, ஒரு பள்ளி ஓட்டப்பந்தயத்தில் பையன்கள் அதைக் கத்தினார்களாம். அதையும் அவள் அப்படித்தான் படித்தாள். படித்துவிட்டு, "இவனுக்கு அம்மா கிடையாதா?" என்றாள். வரியைப் பாரு, என்றார் அவர். இன்னொரு நாள், கதை எப்படி இருக்கிறது என்று வாய்விட்டே கேட்டார். "எதுல?" என்றாள் அவள், சோற்றை வடித்துக்கொண்டே. அதற்கு மேல் கேட்கவில்லை. எத்தனையோ பேருக்கு வேலை வேறு, ரசனை வேறு. தையற்காரர் எல்லாச் சட்டையையும் போட்டுப் பார்க்கிறாரா.

மறுபாதியில் படம் வேகம் பிடித்தது, அவர் பிடிக்கவில்லை. ஹெரான், ஹெரான் என்று நைட்டையும் விட்டுவிட்டுச் செல்லமாகக் கூப்பிட ஆரம்பித்தார்கள். அவர் எண்ணுவதை நிறுத்திவிட்டு, தியேட்டரைப் பார்த்தார், அதாவது முகங்களை, நீலமும் சிவப்பும் மாறி மாறி அடித்த நூற்றுக்கணக்கான முகங்கள், தீப்பெட்டிக் கம்பெனியில் வேலை பார்ப்பவர்கள், கைக்குழந்தையோடு வந்தவர்கள், ஒரு போலீஸ்காரர் தொப்பியைத் தொடையில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, எல்லோரும் வாயை லேசாகத் திறந்து. இந்த வாய்களை நான் திறக்கவைத்ததில்லை, என்று நினைத்தார், நினைத்தபோது எதிர்பார்த்த வலி வரவில்லை, இவ்வளவு பேரா உனக்கு, என்று மறுபடியும் அந்த வெட்கங்கெட்ட பெருமைதான் வந்தது. அப்போது அணை உடைந்தது. அதே அணை. மூலத்தில் உள்ள அணை, அவர் மொழிபெயர்த்த அணை, தண்ணீர் வடிந்து பாறைகள் சரிந்து, சிவப்பு மேலங்கியின் ஒரு முனை மட்டும் கல்லுக்கடியிலிருந்து வெளியே தெரிந்தது. இசையை நிறுத்திவிட்டார்கள். போலீஸ் அதிகாரி மண்டியிட்டாள். அவர் முதுகு தானாக நிமிர்ந்தது, பலூனில் வார்த்தை இல்லாதிருந்த இடம் இது, இந்த இடத்தில் ஏதாவது சொல்லியாகவேண்டும், அடே முப்பது வயசுக்காரா, இங்கே மட்டுமாவது. அவள் உதடு அசைந்தது. சத்தமில்லை. டப்பிங்கிலும் சத்தமில்லை. மூலத்துக்கு விசுவாசமாக வார்த்தையில்லாமலே விட்டிருக்கிறார்கள், பறவைச் சத்தம் கூட இல்லை, தியேட்டரில் ஒரு குழந்தை இருமியது, மேலே மின்விசிறி சுற்றுவது கேட்டது, போயிற்று, எல்லாம் போயிற்று.

"எழுந்திரு கமா கருநாரையே ஆச்சரியக்குறி."

சிவசைலம் திரும்பினார். ஆவுடை இருக்கையின் நுனிக்கு வந்திருந்தாள். இரண்டு கைகளும் முன் சீட்டின் முதுகைப் பிடித்திருந்தன, கண் திரையில், சேலைத் தலைப்பு தோளிலிருந்து நழுவி விழுந்தது தெரியவில்லை, குளிர் தெரியவில்லை. குரல் மட்டும் அதே குரல், உலை கொதிக்கிற குரல், ஏற்ற இறக்கமே இல்லாமல், இன்னொரு தடவை, இப்போது கொஞ்சம் சத்தமாக, "எழுந்திரு கமா கருநாரையே ஆச்சரியக்குறி." கல் அசைந்தது. விரல்கள் தெரிந்தன. தியேட்டர் எழுந்து நின்று கத்தியதில் அடுத்த சில நிமிஷம் திரையில் யார் என்ன பேசினார்கள் என்று அவருக்குத் தெரியாது, அது அவருக்குத் தேவையாகவும் இல்லை, அவர் பதினோரு வருஷத்துச் சாயங்காலங்களை ஒவ்வொன்றாக மறுபடி புரட்டிக்கொண்டிருந்தார், இவனுக்கு அம்மா கிடையாதா, இவன் ஒண்ணும் திங்கமாட்டேங்கான், அடக் கடவுளே, எப்பமும் போல என்றல்லவா சொன்னாள் இப்போதுகூட, எப்பமும் போல, எந்த மெய்ப்பிலும் ஒரு எழுத்தைத் தப்பவிடாத தன் கண்ணுக்கு முன்னால் இவ்வளவு பெரிய வரி இத்தனை காலம் படிக்கப்படாமல் நின்றிருக்கிறது.

சத்தம் கொஞ்சம் அடங்கியதும் ஷைனி அவரைத் தாண்டிக் குனிந்தாள். "ஆச்சி, நீங்க ஏதோ பேரு சொன்னியள்லா. கருநாரையா? யாரு அது?"

சிவசைலம் வாயைத் திறந்தார். முப்பது சொச்சம் வருஷமாக யாராவது கேட்பார்கள் என்று தயாராக வைத்திருந்த பதில் அது, பெயர்க்காரணம், யாப்பு, பறவைப் புத்தகம், முதுகு மினுங்கும் நிறம், எல்லாம் வரிசையாக நாக்கு நுனியில் நின்றன. ஆவுடை முந்திக்கொண்டாள்.

"இந்தா எந்திரிச்சு நிக்கானே, இவன்தான். எங்க வீட்ல இருந்தவன். ரொம்ப நாளு இருந்தான்." திரையை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்பம் பச்சைத் துண்டு போட்டிருப்பான், நல்லா இருக்கும். எவன் இத மாத்துனது?"

"ஏட்டி, அவரு பேரு கருநாரையாம்" என்று ஷைனி கூட்டாளியிடம் சொன்னாள், கூட்டாளி அடுத்த சீட்டுக்குச் சொன்னாள், அது இருட்டில் எவ்வளவு தூரம் போயிற்று என்று அவர் பார்க்கவில்லை. ஆவுடை பின்னால் சாய்ந்து, தலைப்பை மறுபடி தோளில் போட்டுக்கொண்டு, மடியில் தடவி மிச்சமிருந்த முறுக்கைத் தேடி எடுத்தாள். ரொம்ப நாளு இருந்தான் என்றதன் கடைசியில் சொல்லவேண்டிய குறியை இந்த முறை அவள் சொல்லாமல் விட்டிருந்தாள். முற்றுப்புள்ளி, என்று சிவசைலம் அவளுக்காக மெல்லச் சொல்லிக்கொண்டார்.